மூன்றாவது சேவ்: ப்ளைத் ஸ்பார்ட்டன்ஸும் நாற்பது ரூபாய் நோட்டும்

போன ஞாயிறு ராத்திரி ஒன்றே முக்காலுக்கு ப்ளைத் ஸ்பார்ட்டன்ஸ் என்ற இங்கிலாந்து ஃபுட்பால் அணி ஆறாம் நிலை லீகிலிருந்து ஐந்தாம் நிலைக்கு ஏறியது. நிஜத்தில் இல்லை, என் லேப்டாப்பில், ஃபுட்பால் மேனேஜர் 2024இல். ஒரு அணிக்கு மேனேஜராக இருந்து ஆள் சேர்த்து, ஆட்டத் திட்டம் போடுகிற கம்ப்யூட்டர் கேம் அது. ஒரே ஒரு படி. அதற்கு மூன்று சேவ் (முதலிலிருந்து தொடங்கிச் சேமித்து ஆடும் ஒவ்வொரு ஆட்டமும் ஒரு சேவ்), ஒரு பேட்டரி, ஒரு எஸ்எஸ்டி, எட்டு மாதம் ஆனது. இதே விளையாட்டில் ஐந்தாறு சீசனுக்குள் சாம்பியன்ஸ் லீக் தூக்கியவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். சிரிக்கட்டும். எது உடைந்தது, எங்கே தப்பாகக் கை வைத்தேன், கடைசியில் எது வேலை செய்தது என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

எனக்கு வேலை பீனியாவில், சிஎன்சி லேத், அதாவது கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகம் கடையும் மெஷின். வீடு ஹலசூர் பக்கம் கௌதமபுரம். பெங்களூரில் ஃபுட்பால் பார்க்கிறவர்களுக்கு அந்தப் பெயர் போதும். அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா சிலைகளோடு பெலேவுக்கும் சிலை வைத்த ஏரியா. நான் மைதானத்தில் பெரிதாக ஒன்றும் கிழித்தவன் இல்லை. ரைட் பேக்காக நின்று திட்டு வாங்கினேன், அவ்வளவுதான். முப்பத்தைந்து தாண்டியதும் முட்டி சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, ஆட்டம் ஸ்கிரீனுக்குப் போய்விட்டது.

இந்த கேம் எனக்குக் காசு கொடுத்து வந்ததில்லை. 2024 செப்டம்பரில் எபிக் ஸ்டோரில் ஒரு வாரம் இலவசமாகக் கொடுத்தார்கள். எடுத்து வைத்துவிட்டு மறந்துபோனேன். 2025 பிப்ரவரியில், அடுத்த பதிப்பு வராது, ரத்து செய்துவிட்டோம் என்று அறிவிப்பு வந்தபோதுதான் ஞாபகம் வந்தது. புதிது வராதென்றால் கையில் இருப்பதை நிதானமாக ஆடலாமே.

ப்ளைத்தை ஏன் எடுத்தேன் என்று அண்ணன் மகன் கேட்டான். அவன் மான்செஸ்டர் சிட்டி ஆள். எங்கள் தாத்தா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர். ப்ளைத், இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் நிலக்கரி ஏற்றி அனுப்பிய துறைமுக ஊர். சுரங்கத்தூசி வாசனை உள்ள டீம் ஏதாவது கிடைக்குமா என்று தேடியதில் மாட்டியது. 1899இல் ஆரம்பித்த கிளப், பச்சை வெள்ளைக் கோடு போட்ட ஜெர்சி, மைதானம் கிராஃப்ட் பார்க். 1978 எஃப்ஏ கப்பில் இந்தக் குட்டி அணி ஸ்டோக் சிட்டியை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று அடித்து ஐந்தாம் சுற்றுக்குப் போனது. அங்கே ரெக்ஸமுக்கு எதிராகக் கடைசி நிமிடம் வரை 1-0 முன்னிலை. ரெக்ஸமுக்குக் கிடைத்த ஒரு கார்னரில், உறைந்த தரையில் நட்ட கொடி சாய்ந்து விழுந்ததால் ரெஃப்ரி மறுபடி அடிக்கச் சொன்னார். இரண்டாவது தடவை அடித்ததில் கோல். நியூகாஸில் மைதானத்தில் நடந்த மறுபோட்டிக்கு நாற்பத்திரண்டாயிரம் பேர் வந்தார்கள், 2-1 என்று தோல்வி. கார்னர் விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

முதல் சேவ் மார்ச்சில். இதில் எல்லாமே தப்பு.

இன்டர்நெட்டில் எல்லோரும் மெச்சிய ஒரு கெகன்பிரஸ் டாக்டிக்ஸை அப்படியே இறக்கிப் போட்டேன். 4-2-3-1, டிஃபன்ஸ் லைன் மேலே, எதிராளி பந்தைத் தொட்ட உடனே பாய்ந்து பிடுங்குவது, டெம்போ உச்சத்தில். ஆகஸ்டில் நாலு மேட்சில் மூன்று வெற்றி. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அக்டோபரில் காயம் வர ஆரம்பித்தது. டிசம்பரில் சனி, செவ்வாய், சனி என்று மேட்ச் அடுக்கியபோது பதினோரு பேரைத் தேற்றுவதே பாடாகிவிட்டது. இந்த லீகில் 24 அணிகள், 46 மேட்ச். என்னுடைய ஆட்கள் அத்தனை பேரும் பார்ட் டைம். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு வாரத்தில் ஓரிரு மாலை வந்து பயிற்சி செய்கிறவர்கள் என்பது கேமின் கணக்கு. அவர்களைத் தொண்ணூறு நிமிடமும் நாய் விரட்டுகிற மாதிரி ஓடவிட்டால் என்ன ஆகும்? பிப்ரவரி முதல் வாரத்தில் 29 மேட்ச் முடிந்து 24 பாயின்ட், 21ஆம் இடம், வாங்கிய கோல் 58. போர்டு கூப்பிட்டு அனுப்பியது. நான் ஏதேதோ வாக்குறுதி கொடுத்தேன். அடுத்த தோல்வியோடு வேலை போனது.

இரண்டாவது சேவ் ஏப்ரலில். இந்தத் தடவை வேறு மாதிரி முட்டாள்தனம். ஒரு மேட்ச் தோற்றால் ஃபார்மேஷனை மாற்றினேன். அடுத்ததும் தோற்றால் கீப்பரை மாற்றினேன், மென்டாலிட்டியை மாற்றினேன், பயிற்சி அட்டவணையை மாற்றினேன். 4-1-4-1, 3-5-2, மறுபடி 4-2-3-1. ஒருவழியாக நவம்பரில் 12ஆம் இடத்தில் நின்றோம். எப்படி நின்றோம் என்று எனக்கே தெரியாது.

அப்போதுதான் ஸ்ட்ரைக்கர் போனான். பத்து மேட்சில் ஒன்பது கோல் அடித்தவன். வாரம் 400 பவுண்டுக்குச் சேர்த்திருந்தேன், ஆனால் 'நான் கான்ட்ராக்ட்' (non-contract, ஒப்பந்தம் இல்லாத) முறையில். கீழ் லீகுகளில் அப்படி ஒரு வகை உண்டு: சம்பளம் கொடுக்கலாம், ஆடவைக்கலாம், ஆனால் வேறு கிளப் வந்து கூப்பிட்டால் ஒரு பைசா கொடுக்காமல் அழைத்துக்கொண்டு போகலாம். நான் அதை 'நான்தான் கான்ட்ராக்ட்' என்று படித்துவிட்டேன் போல. ஒரு புதன்கிழமை மெயில் வந்தது, ஆள் கிளம்பிவிட்டான். இப்போது யாரைச் சேர்த்தாலும் முதலில் அந்த ஒரு வரியைத்தான் பார்க்கிறேன்.

ஆனாலும் தட்டுத்தடுமாறி கேமின் ஏப்ரல் மாதத்தில் 8ஆம் இடம் வரை வந்தோம். இன்னும் மூன்று மேட்ச், ஏழாம் இடத்துக்கு வந்தால் பிளே ஆஃப், அதாவது மேல் லீகுக்கு ஏறும் இடத்துக்கான நாக் அவுட் மேட்சுகள். நிஜத்தில் அது மே மாதம், மாலை மழை. கேம் சேவ் ஆகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. என் லேப்டாப் எஸ்பி ரோட்டில் 17,000 ரூபாய்க்கு வாங்கிய பழசு. பேட்டரி செத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. சார்ஜர் செருகியே இருந்தால் போதாதா என்று விட்டிருந்தேன். திரும்ப கரண்ட் வந்து திறந்தால் ஃபைல் திறக்கவில்லை. ஒரே ஃபைல், அதன் மேலேயே திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறேன். வேறு பிரதி கிடையாது.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. என் மனைவி, "ஏங்க, யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டாள். ஒரு சீசன் செத்துவிட்டது என்று சொல்ல வாய் வரவில்லை.

ஜூன் முழுக்க கேமைத் தொடவில்லை. லேப்டாப்பைத் திறந்தேன். பின்மூடியில் ஒன்பது ஸ்க்ரூ, ஒன்று மட்டும் நீளம் குறைவு. இடத்தை மறந்துவிடாமல் இருக்க ஒரு அட்டையில் மூடியின் படம் வரைந்து, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அதன் இடத்திலேயே குத்தி வைத்தேன். மூடியை நெம்பக் காலாவதியான ஏடிஎம் கார்டு. பேட்டரி லேசாக உப்பியிருந்தது. கீழே டச்பேட் ஏன் சில நாளாகக் கிளிக் ஆகவில்லை என்பதற்குக் காரணம் அதுதான். உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது, அதனால் மெதுவாக எடுத்து, கடையிலேயே திருப்பிக் கொடுத்தேன். புதிய பேட்டரி 2,300 ரூபாய். ஃபேனில் தலையணைப் பஞ்சு மாதிரி தூசி. பிராசஸர் மேலிருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாக உதிர்ந்தது. ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, புதுப் பேஸ்ட் துவரம்பருப்பு அளவுக்கு நடுவில் வைத்து மூடினேன். முதல் தடவை தாராளமாக வைத்துவிட்டு, ஓரமெல்லாம் பிதுங்கி வர, திரும்பக் கழற்றித் துடைத்தது தனிக் கதை. மேட்ச் ஓடும்போது 94 டிகிரி காட்டியது 78க்கு இறங்கியது. பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக 480 ஜிபி எஸ்எஸ்டி, 2,600 ரூபாய்.

இவ்வளவு செய்தும் கேம் இழுத்துக்கொண்டுதான் போனது. காரணம் என் பேராசை. ஆரம்பிக்கும்போது ஸ்பெயின், ஜெர்மனி, இத்தாலி, பிரேசில், இந்தியா என்று ஏழு நாட்டு லீகுகளைச் சேர்த்திருந்தேன். ஆறாம் நிலை அணிக்கு பிரேசில் எதற்கு? இங்கிலாந்து மட்டும், டேட்டாபேஸ் சின்னது என்று வைத்ததும், ஒரு மேட்சிலிருந்து அடுத்த மேட்சுக்குப் போக நாலு நிமிடம் எடுத்தது ஒன்றரை நிமிடத்துக்கு வந்தது. எஸ்எஸ்டி வாங்குவதற்கு முன்பே இதைச் செய்து பார்த்திருக்க வேண்டும்.

அமைப்புகளில் ரோலிங் சேவ் என்று ஒன்று இருக்கிறது. மூன்று ஃபைலை வைத்துக்கொண்டு மாறி மாறி எழுதும். ஒன்று கெட்டால் முந்தையது இருக்கும். அதைப் போட்டேன். ஞாயிறுதோறும் பென் டிரைவில் ஒரு பிரதி.

இனி அந்த நோட்டு. லேத்தில் ஒரு ஷாஃப்ட் 24.98 வர வேண்டிய இடத்தில் 25.03 வந்தால் என்ன செய்வோம்? டூல் ஆஃப்செட்டில், அதாவது வெட்டும் டூலின் இட அளவில், 0.05 குறைப்போம், ஒரு பீஸ் ஓட்டுவோம், மைக்ரோமீட்டர் வைத்து அளப்போம். ஆஃப்செட்டையும் ஃபீடையும் ஸ்பீடையும் இன்ஸர்ட்டையும் ஒரே நேரத்தில் மாற்றுகிறவனை ஷாப் ஃப்ளோரில் மெஷின் பக்கமே விடமாட்டோம். அந்த வேலையைத்தான் நான் வீட்டில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தேன். ஹலசூர் மார்க்கெட்டில் 40 ரூபாய்க்கு ஒரு கட்டம் போட்ட நோட்டு வாங்கினேன். மேட்ச் ஒன்றுக்கு ஒரு வரி. வாங்கிய ஒவ்வொரு கோலுக்கும் மூன்று விவரம்: எத்தனையாவது நிமிடம், எந்தப் பக்கம், எப்படி வந்தது. கேமிலேயே டேட்டா ஹப் இருக்கிறது, அழகழகாகப் படம் போட்டுக் காட்டும். ஆனால் கையால் எழுதும்போதுதான் எனக்கு உறைக்கிறது.

மூன்றாவது சேவ் ஜூலையில். வேண்டுமென்றே ஒன்றும் பிரமாதமாகச் செய்யவில்லை. சாதா 4-4-2. முதல் பதினைந்து மேட்ச் எதையும் மாற்றாமல் எழுத மட்டும் செய்தேன். பிரஸ்ஸிங் (எதிராளி மேல் பாய்ந்து பந்தைப் பிடுங்குவது) மட்டும் பழைய ஆசையில் கொஞ்சம் அதிகமாக விட்டிருந்தேன். பதினைந்து மேட்சில் வாங்கியது 27 கோல். அதில் 70ஆம் நிமிடத்துக்குப் பிறகு 13. இடது பக்கக் கிராஸிலிருந்து 9. கார்னர், ஃப்ரீ கிக்கில் 6. ஒரே கோல் இரண்டு கணக்கிலும் வரும், அது வேறு.

அந்தச் சமயத்தில்தான் கீப்பர் மாமா வந்தார். அடுத்த சந்து. ஒரு காலத்தில் எங்கள் மைதானத்தில் கோல்கீப்பர், கைவிரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் பார்க்கும். டீ குடிக்க வந்தவர் ஸ்கிரீனைப் பார்த்தார். நான் 2டியில்தான் ஆடுவேன், வட்டப் புள்ளிகள் ஓடும். பத்து நிமிடம் பார்த்தார்.

"இன்னாடா, லெஃப்ட்ல ஆளே இல்ல. அந்தப் பையன் மேல போனா திரும்பி வரதுக்குள்ள ரெண்டு பஸ் புடிக்கணும் போல."

இரண்டு சேவில், எழுபது சொச்சம் மேட்சில் எனக்குத் தெரியாதது. லெஃப்ட் பேக்கை விங் பேக் அட்டாக், அதாவது ஓரமாக மேலே ஏறித் தாக்குகிறவன், என்று வைத்திருந்தேன். ஸ்டாமினா 9, ஆக்ஸிலரேஷன் 8. இந்த கேமில் ஒவ்வொரு திறமைக்கும் 1 முதல் 20 வரை மதிப்பெண். 9 ஸ்டாமினாவோடு ஒருவன் மேலும் கீழும் ஓடினால் அறுபதாவது நிமிடத்தில் இதயக் குறி பச்சையிலிருந்து மஞ்சளாகி, எழுபதில் ஆரஞ்சு ஆகிவிடும். முன்பெல்லாம் உடல் தெம்பைச் சதவீதத்தில் காட்டுவார்கள், எனக்கு அதுதான் வசதி. இப்போது நிறத்தை வைத்துத்தான் குத்துமதிப்பாகப் பார்க்க வேண்டும்.

மாமா சொன்னார் என்பதற்காக உடனே அதைத் தொடவில்லை. ஒரு நேரத்தில் ஒன்று. முதலில் பிரஸ்ஸிங்கை நடுத்தரத்துக்கு இறக்கினேன், எதிராளி பாதிக் கோட்டுக்கு வரும்வரை விடுவது. ஐந்து மேட்ச். வாங்கியது 7 கோல், 70க்கு மேல் ஒன்றே ஒன்று. அப்புறம் லெஃப்ட் பேக்கை சாதா ஃபுல் பேக், டிஃபெண்ட் என்று, பின்னாலேயே நின்று தடுக்கிறவனாக மாற்றினேன். அடுத்த ஐந்தில் 6 கோல், இடது கிராஸிலிருந்து ஒன்று. நோட்டில் அந்தப் பக்கத்தில் சிவப்புப் பேனாவில் அடிக்கோடு போட்டிருக்கிறேன். சீசன் முடிவில் 46 மேட்சில் வாங்கியது 66 கோல், 58 பாயின்ட், 13ஆம் இடம். பெருமைப்பட ஒன்றுமில்லை என்று அண்ணன் மகன் சொன்னான். அப்புறம் அவனே போனில் பார்த்துவிட்டு, "சித்தப்பா, நிஜத்துல அந்த சீசன் ப்ளைத் ரெலிகேட் ஆயிட்டாங்க" என்றான். அதாவது கீழ் லீகுக்கு இறங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு 13ஆம் இடம் கொஞ்சம் உயரமாகத் தெரிந்தது.

இரண்டாவது சீசனில் இரண்டு இடத்தில் வழி தவறினேன். முதலாவது லோன். நியூகாஸில், சண்டர்லேண்ட், மிடில்ஸ்பரோ எல்லாம் அந்தப் பக்கம்தான், அவர்களுடைய இளம் ஆட்களைச் சம்பளமே இல்லாமல் கடனாக வாங்கலாம். இலவசம் என்றதும் கை நீண்டது, எட்டுப் பேரை வாங்கினேன். ஒரு மேட்ச் அணியில் ஐந்து லோன் ஆட்கள்தான் இருக்கலாம். மீதி மூன்று பேர் கேலரியில் உட்கார்ந்தார்கள். ஆடவைக்காததால் ஜனவரியில் இரண்டு கிளப்புகள் ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டன. அதில் ஒருவன் நான் நிஜமாகவே பயன்படுத்திக்கொண்டிருந்தவன். அடுத்த முறை நாலு பேருக்கு மேல் வாங்கமாட்டேன், அதுவும் நேராகப் பதினோரு பேருக்குள் வருகிறவன் என்றால் மட்டும்.

இரண்டாவது, மாமா. லெஃப்ட் பேக் விஷயத்தில் ஜெயித்ததும் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. தினம் வந்தார்.

"உன் கீப்பர் கோட்டை விட்டு வெளிய வர மாட்டேங்கறான்டா. நாங்கெல்லாம் பெனால்டி பாக்ஸ் எங்க ஊடுன்னு நெனச்சு ஆடினோம்."

சரி என்று கீப்பரை ஸ்வீப்பர் கீப்பராக மாற்றினேன். ஐந்து மேட்ச், 11 கோல். அதில் மூன்று, வெளியே வந்தவன் தலைக்கு மேலே தூக்கிப் போட்டது. மாமாவிடம் நோட்டைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, "வரணும்னு சொன்னேன், லேட்டா வரச் சொன்னேனா?" என்றார். விஷயம் என்னவென்றால், அவர் சொன்னதில் பாதி சரி. அந்தப் பையனுக்கு பாக்ஸை ஆளும் திறமை 6. அவனை வெளியே வா என்று சொன்னது என் தப்பு. ஆறாவது மேட்சில் பழையபடி வைத்துவிட்டேன்.

எஃப்ஏ கப்பில் அந்த வருடம் முதல் சுற்று வரை போனோம். இந்த லீக் அணிகள் இரண்டாம் தகுதிச் சுற்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதனால் மூன்று மேட்ச் ஜெயித்துத்தான் அங்கே வர முடியும். வந்து, ஒரு லீக் ஒன் அணியிடம் 4-0 என்று வாங்கிக்கொண்டோம். ஆனால் வந்த பணத்தில் வாரச் சம்பள பட்ஜெட் 6,500 பவுண்டிலிருந்து 7,400 ஆனது. லீகில் 52 கோல் மட்டும் வாங்கி 7ஆம் இடம். பிளே ஆஃப் முதல் கட்டத்திலேயே பெனால்டியில் தோற்றோம். அன்றைக்கு மாமா ஒன்றும் சொல்லவில்லை, டீயையும் முடிக்கவில்லை.

கோடையில் செய்த வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பணம் கொடுத்து ஒருவரையும் வாங்கவில்லை. கிளப் இல்லாத ஆட்களை ட்ரையலுக்குக் கூப்பிட்டேன், முப்பதுக்கும் மேல். பாஸிங், டெக்னிக் எல்லாம் பார்க்கவில்லை. இந்த நிலையில் எல்லோருக்கும் அது 7, 8தான். நான் பார்த்தது நாலு: வேகம், எகிறும் உயரம், ஸ்டாமினா, டிடர்மினேஷன். அதில் ஒரு ரைட் பேக் கிடைத்தான், வாரம் 180 பவுண்டு. மற்றபடி சுமார்தான், ஆனால் லாங் த்ரோ 17. அவன் பந்தைக் கையில் எடுத்தால் அது த்ரோ இன் இல்லை, கார்னர். ஏரியல் ரீச் (உயரப் பந்தை எட்டிப் பிடிப்பது) 15, பாக்ஸை ஆளும் திறமை 14 உள்ள ஒரு கீப்பரும் கிடைத்தான். வயது 35, அதனால் யாரும் சீந்தவில்லை. மாமாவுக்கு அவனைக் காட்டினேன். "வயசு கீப்பருக்கு அழகுடா" என்றார்.

சுனில் சேத்ரியைக் கூட்டிவா என்று அண்ணன் மகன் நச்சரித்தான். ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் இங்கிலாந்தில் வேலை அனுமதி விதிகள் அப்படிப்பட்டவை, ஆறாம் நிலை கிளப் வெளிநாட்டு ஆளை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

அப்புறம் கார்னர். 2024 பதிப்பில் செட் பீஸ் (கார்னர், ஃப்ரீ கிக் மாதிரி ஆட்டம் நின்று மறுபடி தொடங்கும் தருணங்கள்) அமைக்கும் பகுதியை முழுக்க மாற்றியிருந்தார்கள். முதலில் கேள்வி கேட்கும்: ஆளைப் பிடிப்பதா, இடத்தைப் பிடிப்பதா, கிட்டப் போஸ்ட்டா, எட்டப் போஸ்ட்டா, எத்தனை பேர் மேலே போவது. பதில் சொன்னால் அதுவே சில திட்டங்களை வரைந்து கொடுக்கும். நான் அந்தத் திட்டங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை நீக்கிவிட்டு, பத்து மேட்ச் ஓட்டினேன். கிட்டப் போஸ்ட்டுக்கு வளைத்து அடிப்பது, எகிறும் உயரம் 16 உள்ள சென்டர் பேக் முன்னால் ஓடித் தலையைக் கொடுப்பது, ஒருவன் கீப்பர் முன்னால் மறித்து நிற்பது. பத்து மேட்சில் 6 கோல். எட்டப் போஸ்ட்டுக்கு மாற்றிப் பத்து மேட்ச் ஓட்டினேன், 2. திரும்பக் கிட்டப் போஸ்ட். சீசன் முடிவில் அடித்த 74 கோலில் 23 செட் பீஸ், லாங் த்ரோவையும் சேர்த்து. அழகான ஆட்டம் இல்லைதான். 1978இல் ஒரு கார்னரில் போனதை நான் தவணை முறையில் வசூலிக்கிறேன் என்று அண்ணன் மகனிடம் சொன்னேன். அவனுக்கு சிட்டியின் பாஸிங் பார்த்துப் பழக்கம், முகத்தைச் சுளித்தான்.

பயிற்சியில் மட்டும் இன்னும் எனக்குத் தெளிவில்லை. நவம்பரில் ஓய்வு நேரத்தைப் பிடித்து உடற்பயிற்சி வைத்தேன், மூன்று வாரத்தில் இரண்டு பேருக்குத் தொடைப் பின்தசை போனது. பார்ட் டைம் ஆட்களுக்கு வாரத்தில் இருக்கும் நேரமே கொஞ்சம், அதில் மேட்சுக்கு மறுநாள் ஓய்வைத் தொடக்கூடாது என்பது வரைக்கும் தெரிகிறது. மீதியை உதவி மேனேஜரிடம் விட்டுவிட்டேன்.

லீகில் 41 கோல் வாங்கி, 84 பாயின்டோடு மூன்றாம் இடம். மூன்றாம் இடம் என்றால் பிளே ஆஃபில் முதல் கட்டம் கிடையாது, நேராகச் செமிஃபைனல், சொந்த மைதானம். அதில் 2-0. ஃபைனலும், எதிராளி எங்களுக்குக் கீழே முடித்தவர்கள் என்பதால், கிராஃப்ட் பார்க்கில்.

அந்த மேட்சை முழுதாக 90 நிமிடமும் ஓடவிட்டேன், ஹைலைட்ஸ் இல்லை. மாமா பத்து மணிக்கே வந்து நாற்காலி பிடித்துக்கொண்டார். என் மனைவி தூங்கப் போகும்போது, கத்தினால் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்துகொள்ளும் என்று சொல்லிவிட்டுப் போனாள். 23ஆம் நிமிடத்தில் 0-1. நடுவில் சிவப்பு அட்டை கிடைத்தது எதிராளிக்கு, ஆனாலும் உள்ளே போகவில்லை. 81ஆம் நிமிடம், வலது பக்கம் த்ரோ. ரைட் பேக் பந்தைத் துடைத்தான், அதாவது புள்ளி நின்றது, துடைத்தான் என்று நானாக நினைத்துக்கொண்டேன். நேராகக் கிட்டப் போஸ்ட். சென்டர் பேக் தலை. 1-1. மாமா என் தோளில் அடித்த அடி இரண்டு நாள் வலித்தது.

கூடுதல் நேரத்தில் 104இல் ஒரு கார்னர், அதே ஆள், அதே போஸ்ட், 2-1. பத்துப் பேர் மட்டும் இருந்தாலும் அவர்கள் விடவில்லை. 119இல் கார்னர். எல்லோரும் எங்கள் பாக்ஸுக்குள். பந்து மேலே வந்தது. கீப்பரின் புள்ளி கோட்டை விட்டுக் கிளம்பியது. எனக்கு வயிறு கலங்கியது, ஐந்து மேட்சில் 11 கோல் கண் முன்னால் வந்தது. கூட்டத்துக்கு நடுவே போய்க் குத்தி, பாதிக் கோடு வரை தள்ளினான். விசில்.

மாமா எழுந்து நின்று, மடங்கிய விரல்களோடு காற்றில் ஒரு தடவை குத்திக் காட்டினார். "இப்ப டைமுக்கு வந்தான் பாரு."

செலவு சொல்லவில்லையே. லேப்டாப் ஏற்கெனவே இருந்தது, அதை விட்டுவிடுகிறேன். பேட்டரி 2,300, எஸ்எஸ்டி 2,600, பேஸ்ட் 280, ஆல்கஹால் 120, நோட்டு 40. மொத்தம் 5,340 ரூபாய். இதில் பேட்டரியும் நோட்டும் தவிர மற்றது இல்லாமலும் இந்த அணி ஏறியிருக்கும் என்றுதான் தோன்றுகிறது. அடுத்த முறை தொடங்கினால் முதல் நாளிலிருந்தே எழுதுவேன். இன்னொன்று, வாங்கிய கோலை மட்டும் எழுதியது போதவில்லை, நாம் தவறவிட்ட வாய்ப்புகளையும் எழுத வேண்டும். ஃபைனலில் சிவப்பு அட்டைக்குப் பிறகு ஏன் அத்தனை நேரம் கோல் விழவில்லை என்பதற்கு என் நோட்டில் பதில் இல்லை.

புது சீசனில் போர்டு முழுநேர ஆட்டக்காரர்களாக மாற்றலாமா என்று பேச ஆரம்பித்திருக்கிறது. சம்பளக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன், வாரம் பதினோராயிரம் பவுண்டு வரும், கையில் அவ்வளவு இல்லை. ஒரு வருடம் தள்ளிப் போடச் சொல்லியிருக்கிறேன். ஃபைனலில் இரண்டு கோல் அடித்த சென்டர் பேக்கை மேல் லீக் கிளப் ஒன்று கேட்கிறது. நல்லவேளை, அவனுக்கு முழுக் கான்ட்ராக்ட். அதைவிடப் பெரிய சிக்கல், கீப்பர் ஓய்வு பெறுகிறேன் என்று அறிவித்துவிட்டான். மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. சாயங்காலம் டீக்கு வருவார்.